தைக்காமல் விட்ட நிரை

விசாத் தாளில் "வருகையின் நோக்கம்" என்று ஒரு கட்டம் இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் உறவினரைப் பார்க்க என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படியே எழுதியிருக்கலாம். கையில் இருந்த கடிதத்தில் கண்காட்சி என்று போட்டிருந்ததே, பொய் எழுதக் கூடாதே என்று, "போர்வை தொங்கவிட" என்று எழுதினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டு தடவை படித்தார்.

"போர்வைய எல்லாரும் போத்துவாங்க. நீங்க தொங்கவிடப் போறீங்களா?"

ஆமாங்க என்றேன். குனிந்துகொண்டே முத்திரை குத்தினார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

நான் பிறந்ததும் தேயிலைக் கொழுந்து பறித்ததும் நான் போகிற அந்த இலங்கையில்தான். எழுபதுகளின் தொடக்கத்தில், இரண்டு நாட்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி எங்கள் வீட்டுக்காரர் பெயருக்கு இந்தியப் பிரஜாவுரிமை வந்தது. என் தங்கை செபமாலையின் வீட்டுக்காரர் பெயருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. அம்மா கப்பலேற மாட்டேன் என்று தங்கையோடு நின்றுவிட்டாள். நாங்கள் கோத்தகிரிக்குப் போனோம்.

இரண்டு வருஷத்தில், மாவும் அரிசியும் கிடைக்காத அந்தப் பஞ்சத்தில், அம்மா படுத்துவிட்டாள். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ என்று தங்கை மூன்று கடிதம் போட்டாள். அவளுக்கு எழுதத் தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் சொல்லி எழுதுவாள். அந்த நேரம் எங்கள் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. பயணத்துக்கு வேண்டிய தாள்களும் கிடைக்கவில்லை. வர முடியாது என்று எழுத வெட்கப்பட்டுக்கொண்டு நான் பதிலே போடவில்லை. நான்காவது கடிதத்தில் அம்மா இறந்த செய்தி வந்தது. அதில் கடைசி வரி இது: "பெரியவ வந்துட்டாளா, பெரியவ வந்துட்டாளான்னு மூச்சு நிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு." அந்த வரியோடுதான் இத்தனை வருஷமும் படுத்தேன், எழுந்தேன்.

இப்போது வருகிறேன் என்று எழுதியதற்குத் தங்கையிடமிருந்து வந்த பதிலில் ஒரே ஒரு சொல் இருந்தது. "வரவும்."

போர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோத்தகிரியில் கோயில் வளாகத்துக்குள் ஹெலன் அம்மா என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தையல் அறை வைத்திருந்தார். டென்மார்க்கிலிருந்து வந்தவர். அவர் தைக்கிற போர்வைகள் போர்த்துவதற்கு இல்லை. படம் மாதிரி சுவரில் தொங்குவதற்கு. நான் அங்கே சேர்ந்த புதிதில், தையல்கடையில் வெட்டிப் போட்ட துண்டுகளைப் பொறுக்கி வந்து, பூவும் கட்டமுமாக ஒரு ஒட்டுப் போர்வை தைத்தேன். அவர் பார்த்துவிட்டு, புத்தகத்தில் படித்த தமிழில், "அதிகம். எடுங்கள்," என்றார். பாதித் துண்டுகளைப் பிரித்தேன். "இன்னும் எடுங்கள்." பிரித்தேன். கடைசியில் அடியில் வைத்திருந்த காடாத் துணி மட்டும் மிஞ்சியது. அதையும் எடுக்கச் சொல்வார் போலிருக்கிறது என்று நினைத்தேன். "இங்கிருந்து தொடங்குங்கள்," என்றார்.

அவர் தைத்தது ஒன்று அறையில் தொங்கும். முழுக்கச் சாம்பல் நிறம். ஒரு மூலையில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு நூல். அவ்வளவுதான். முதல் நாள் பார்த்தபோது, யாரோ வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். ஒரு மாதம் அதன் கீழே உட்கார்ந்து தைத்த பிறகு, அந்தச் சிவப்பு நூலைப் பார்க்காமல் அறைக்குள் நுழைய முடியவில்லை. நிறைய இருந்தால் கண் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒன்றே ஒன்று இருந்தால் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது.

தேயிலை மலையில் பெண்களுக்கு ஆளுக்கொரு வரிசைச் செடி பிரித்துக் கொடுப்பார்கள். அதற்கு நிரை என்று பேர். எங்கள் கூட்டத்தில் இருபத்திரண்டு பேர். நான் இரண்டு காடாத் துணிக்கு நடுவில் பழைய கம்பளியை வைத்து, வெள்ளை நூலில், நான்கு விரலுக்கு ஒன்றாக ஓட்டுத் தையல் போட்டேன். ஆளுக்கு ஒரு நிரை. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல்; வெளிச்சம் சாய்ந்து விழுந்தால்தான் தெரியும். ஒன்பதாவது நிரையைத் தைக்காமல் விட்டேன். அது என் நிரை. மேலே அம்மாவுடையது, கீழே செபமாலையுடையது. நடுவில் நான் இல்லை.

ஹெலன் அம்மா அதன் முன் வெகுநேரம் நின்றுவிட்டு ஏன் என்று கேட்டார். சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நுவரெலியாவில் அவருடைய சிநேகிதிகள் பல நாட்டிலிருந்து வந்து இப்படிப்பட்ட போர்வைகளைத் தொங்கவிடப் போகிறார்கள், இதுவும் அங்கே வர வேண்டும், நீங்களே கொண்டு வாருங்கள் என்றார். அதனால்தான் இந்தப் பயணம்.

முதல் நாள் ஹட்டன். ரயிலை விட்டு இறங்கினால் பனிமூட்டத்தில் ஸ்டேஷனே தெரியவில்லை, குரல்தான் கேட்டது. "கடலை, கடலை" என்று விற்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று காதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வெளியே ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் சாயத்தண்ணி கேட்டேன். கோத்தகிரியில் பாலும் தூளும் சீனியும் சேர்த்தே கொதிக்க வைத்துவிடுவார்கள். இங்கே கறுப்பாக ஒரு கோப்பை, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். கை மறக்கவில்லை. கோப்பையை வாங்கும் முன்பே இடது கை தானாக நீண்டுவிட்டது. நானா அதைப் பார்த்துவிட்டு, "இந்தியாவுலேர்ந்து வாறீங்கன்னு பையில எழுதியிருக்கு. கை வேற சொல்லுது," என்றார்.

நோட்டன் பிரிட்ஜ் போகிற பஸ்ஸில் கண்டக்டர் என் போர்வை மூட்டையைக் கூரைமேல் போடச் சொன்னார். மழை தூறிக்கொண்டிருந்தது. எனக்கு மறுத்துப் பேச வரவில்லை. மூட்டையைத் தூக்கிக் கொடுக்கப் போனேன். ஜன்னலோரம் மரவள்ளிக்கிழங்குச் சாக்கோடு இருந்த சிங்கள அம்மா ஒருத்தி கண்டக்டரைப் பிடித்துக்கொண்டாள். துணி மூட்டையை நனைத்தால் உன் அம்மா உன்னைச் சும்மா விடுவாளா என்று சிங்களத்தில் கேட்டாள். என் சாக்கு மேலே போகட்டும், கிழங்குக்கு மழை புதிதா என்றாள். சாக்கு மேலே போனது, என் மூட்டை அவள் மடிக்கு வந்தது.

பாதி வழியில் ஏற்றத்தில் பஸ் மூச்சு வாங்கி நின்றது. முன்பக்கம் ஆவி கிளம்பியது. ஆண்கள் ஓடையில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினார்கள். பெண்களை நடந்து மேலே ஏறச் சொன்னார்கள். அந்தச் சிங்கள அம்மா மூட்டையைத் தானே சுமந்து வந்தாள். பேரப் பிள்ளைக்கா என்று கேட்டாள். இல்லை, தொங்கவிட என்றேன், எனக்கு ஞாபகம் இருந்த சிங்களத்தில். நான் "தூக்கில் தொங்க" என்கிற மாதிரி எதையோ சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் திடுக்கிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்து சேரும்வரை விடவில்லை. இறங்கும்போது ஒரு கிழங்கு கொடுத்து, எல்லாம் சரியாகும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தங்கையின் லயத்தை அடைந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். அவள் வாசலில் நின்றாள். முடி முழுக்க நரைத்துவிட்டது, முகம் அம்மாவுடையதாகிவிட்டது.

"வாங்க. பஸ்ஸு பிந்திருச்சா?"

கூடப்பிறந்தவள் என்னை வாங்க என்றாள். எத்தனை சண்டையிலும் நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறோம். அவள் எனக்கு மட்டும் சாசர் வைத்த கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாள். தோட்டத்து ஐயா வந்தால் கொடுப்பதுபோல. எனக்காகப் பேக்கரிப் பாண் வாங்கி வைத்திருந்தாள். அவர்களுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும். சம்பலில் மாசித்துண்டும் மிளகாயும் இடித்த வாசனை வந்துகொண்டே இருந்தது. எனக்கும் ரொட்டி கொடு என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. பாணைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றேன்.

அவள் வீட்டுக்காரர் சவரிமுத்து மட்டும் கலகலவென்று பேசினார். கோத்தகிரித் தேயிலை எப்படி, அங்கே எத்தனை மணிக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, கங்காணி திட்டுவாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தங்கை அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் நாள் அடைமழை. வெளியே போக முடியவில்லை. சவரிமுத்து போர்வையைக் காட்டச் சொன்னார். கட்டில் மேல் விரித்தேன். பக்கத்து அறைப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்று பேசாமல் நின்றார்கள் என்று தெரிந்தது.

"மதினி, அங்கிட்டெல்லாம் துணிக்குச் சாயம் போட மாட்டாங்களா?" என்றார் சவரிமுத்து.

பக்கத்து அறைப் பெண் ஒருத்தி, வெள்ளை நல்லதுதான், அழுக்குத் தெரியும்போது துவைத்துவிடலாம் என்று எனக்காகப் பேசினாள். செபமாலை மட்டும் குனிந்து துணியை விரலால் தடவினாள். மேலிருந்து கீழே எண்ணுவதுபோல விரல் போனது. நடுவில் ஓர் இடத்தில் நின்றது.

"இன்னும் முடிக்கலையா நீங்க?"

அப்போதே சொல்லியிருக்கலாம். இது என் நிரை, உன்னையும் அம்மாவையும் விட்டுவிட்டுப் போன நிரை என்று சொல்லத்தான் கடல் தாண்டி வந்தேன். எல்லார் முகமும் என்மேல் இருந்தது. தலையை ஒரு பக்கமாக ஆட்டினேன். அது ஆமாம் என்றும் தெரிந்திருக்கும், இல்லை என்றும் தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் மழை விட்டது. அம்மாவைப் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். செபமாலை, முழங்கால் வலிக்கிறது, தான் பார்த்தாகிவிட்டது, நீங்கள் போய்வாருங்கள் என்றாள். சவரிமுத்து கூட வந்தார். தேயிலை முடிந்து சவுக்குமரம் தொடங்குகிற சரிவில் அந்த இடம். பெயர்ப் பலகை, கல் எதுவும் கிடையாது. புல் மூடிய மேடுகள்தான்.

"இந்தா, இதுதான்னு நெனக்கிறேன்," என்றார். கொஞ்சம் யோசித்தார். "இல்லாட்டி அந்தா, அது. ஒங்க தங்கச்சிக்குத்தான் சரியாத் தெரியும். மாசாமாசம் வந்து புல்லுப் புடுங்குறவ அவதான்."

இரண்டு மேட்டிலும் ஒவ்வொரு மெழுகுவத்தி வைத்து ஜெபம் சொன்னேன். இரண்டாவது மேட்டில் இருப்பவர் யாரோ, அவருக்கும் யாராவது சொல்ல வேண்டும்தானே. திரும்பி வரும்போது, கடைசி நேரத்தில் அம்மா என்னைக் கேட்டாளா என்று சவரிமுத்துவிடம் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் அப்போது தேயிலைப் பேக்டரியில் வேலையிலிருந்தாராம். வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்ததாம்.

"அதப்பத்தி அவ எங்கிட்டக்கூடப் பேச மாட்டா, மதினி. ஒங்க கடுதாசி வரும் வரும்னு தபால்காரரப் பாத்துக்கிட்டே இருந்தா. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

லயத்துக்கு இறங்கி வந்தோம்.

வீட்டு வாசலில் செபமாலை வெளிச்சம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் என் போர்வை. வாயில் நூல். என்னைப் பார்த்ததும் நூலைக் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரு நெரை விட்டுப்போச்சே ஒனக்கு. கை குடுத்தேன்."

வெள்ளைத் துணிக்கு நடுவில் கறுப்பு நூல். குடை தைக்கிற நூல். அவளிடம் அதுதான் இருந்தது. தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை. கொழுந்து பறித்த கை போடுகிற தையல்.

கை கொடுப்பது என்றால் என்ன என்று மலையில் வேலை செய்யாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தன் நிரையை முதலில் முடித்தவள் சும்மா நிற்க மாட்டாள். பிந்தி நிற்கிறவளின் நிரையில், எதிர் முனையிலிருந்து பறித்துக்கொண்டு இறங்குவாள். பிந்தியவள் இந்தப் பக்கமிருந்து ஏறுவாள். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதுமில்லை. வெறுமையான ஒரு நிரையைப் பார்த்தால் எங்கள் பெண்களுக்குக் கை பரபரக்கும். அது வேண்டுமென்றே விட்டது என்று எந்தக் கொழுந்துக்காரிக்கும் தோன்றாது. தோன்றியிருந்தால்தான் ஆச்சரியம்.

நல்லது என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல. போர்வையை முழுதாக விரித்துப் பார்க்க மனம் வரவில்லை. அப்படியே மடித்து மூட்டைக்குள் வைத்தேன். அன்றைக்கு எனக்கும் ரொட்டியும் சம்பலும் கிடைத்தது. தட்டில் வைத்தாள், சாசர் இல்லை. அதைக்கூடச் சரியாகச் சாப்பிட முடியாமல், ஹெலன் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் நுவரெலியாவுக்குக் கிளம்பினேன். தானும் வருவதாகச் செபமாலை சொன்னாள். தன் தையல் தொங்குவதைப் பார்க்க வேண்டுமாம். முழங்கால் வலி எங்கே போனது என்று சவரிமுத்து கேட்டார். அது உங்களுக்காக இங்கேயே இருக்கும் என்றாள்.

வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்தது. அவளுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. கையில் தேசிக்காயை, அதுதான் எலுமிச்சையை, வைத்து முகர்ந்துகொண்டே வந்தாள். எத்தனையாவது வளைவிலோ தலையை என் தோளில் போட்டாள். "அக்கா, ஒங்கிட்ட இன்னொரு தேசிக்கா இருக்கா?" என்றாள். அப்போதுதான் உறைத்தது. நேற்று தான் தைத்ததைக் காட்டும்போது 'ஒனக்கு' என்றாள். இன்றைக்கு 'ஒங்கிட்ட' என்கிறாள். அந்த ஒரு நிரையைத் தைத்த மத்தியானத்தில் அவளுக்குள் என்னவோ இறங்கியிருக்கிறது. அதைப் பிரித்தால் மறுபடி வாங்க, போங்க ஆகிவிடுமோ என்று பயம் வந்தது.

நுவரெலியா, ஊட்டியேதான். அதே ரேஸ் மைதானம், அதே ஏரி, அதே சிவப்புக் கூரை பங்களா. வெள்ளைக்காரன் ஒரே அச்சில் இரண்டு ஊரை வார்த்துவிட்டுப் போயிருக்கிறான். குளிர் மட்டும் இங்கே ஈரக் குளிர். கன்னியர் மடத்தில் எங்களுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். செபமாலை வெந்நீர் வாங்கப் போனபோது மூட்டையை அவிழ்த்து, ஒரு மடிப்பை மட்டும் விலக்கி, கத்தரிக்கோலின் முனையைக் கறுப்புத் தையல் ஒன்றின் அடியில் விட்டேன். இரண்டு விரலை நெருக்கினால் போதும். நெருக்க முடியவில்லை. அவள் வாளியோடு வருகிற சத்தம் கேட்டதும் கட்டிவிட்டேன். காலையில் மண்டபத்துப் பெண்கள் வந்து மூட்டையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஐந்தாம் நாள் கண்காட்சி. கோயில் மண்டபத்தில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, சுவரை ஒட்டாமல், இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்று முழுக்கக் கறுப்பு; ஓரத்தில் மட்டும் ஒரு விரல் மஞ்சள். ஒன்றில் வெள்ளைச் சதுரத்துக்குள் வெள்ளைச் சதுரம். ஒன்று நீலம், அதைச் சாய்வாக வெட்டி மறுபடி தைத்த ஒற்றைக் கோடு. நான் அதன் முன்னால் நெடுநேரம் நின்றேன். வெட்டினதும் தெரிந்தது, சேர்த்ததும் தெரிந்தது.

ஊர்ச்சனம் கூட்டமாக வந்திருந்தது. துணிக்கடை நானா ஒருவர் ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். துணி எல்லாம் முதல் தரம், கொஞ்சம் பூப்போட்டிருந்தால் இந்நேரம் விற்றிருக்கும் என்று பக்கத்திலிருந்தவரிடம் வருத்தப்பட்டார். ராகலையிலிருந்து காய்கறி கொண்டு வந்த பெண்கள் வெறுங்கூடையோடு உள்ளே வந்தார்கள்; இதில் படுத்துக்கொள்ள விடுவார்களா என்று ஒருத்தி கேட்க, படுத்தால் அதற்கும் சீட்டு எழுதி ஒட்டுவார்கள் என்றாள் இன்னொருத்தி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிங்களத்தில், இந்த ஆன்ட்டிகளுக்கு வரைய மறந்துபோச்சு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

என் போர்வை கடைசிக் கயிற்றில் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து வெள்ளை நிரைகள் எல்லாம் மலையில் விடியும்போது தெரிவதுபோல மெல்லத் தெரிந்தன. நடுவில் கறுப்பு. நான் ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டேன். செபமாலை நேராக அதன் முன் போய் நின்றாள். ஒவ்வொரு போர்வையின் பக்கத்திலும் தட்டச்சு செய்த ஓர் அட்டை இருந்தது. பக்கத்தில் நின்ற ரோஸ்லின் டீச்சர் என்பவரிடம், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். டீச்சர் இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்லத் தொடங்கினார்.

"இதில் ஒரு நிரை மட்டும் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. இதைத் தைத்தவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனபோது விட்டுச் சென்ற நிரை அது. அவருடைய தாயார் இறந்தபோது அவரால் வர முடியவில்லை." டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "வெறுமையா ஒண்ணும் காணமே?"

செபமாலை அசையவில்லை. அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. இதைத்தான் அவளிடம் சொல்ல வந்தேன். ஒரு டீச்சர், முன்பின் தெரியாதவர், சொல்லிவிட்டார்.

அதற்குள் ஹெலன் அம்மா வந்துவிட்டார். கழுத்தில் நாடாவில் எப்போதும்போல் சின்னக் கத்தரிக்கோல். கறுப்பு நூலைப் பார்த்து நின்றார். என்னைத் தேடிப் பார்த்தார்.

"அந்தோணியம்மா, இது யார் செய்தது?"

நான் வாயைத் திறக்கும் முன், செபமாலை பெரட்டில் பேர் கூப்பிட்டதுபோலக் கையைத் தூக்கினாள். "நான்தாங்க."

ஹெலன் அம்மா கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அட்டையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்து கத்தரிக்கோலைக் கழற்றி, "பிரிக்கலாம். ஐந்து நிமிடம் போதும்," என்று மெதுவாகச் சொன்னார்.

"குடுங்க, நானே பிரிக்கிறேன்," என்று செபமாலை கையை நீட்டினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்குத் தெரியாது. நீங்க சொல்லலையே."

நீங்க.

என்னைப் பெரிய மனுஷிகளிடம் மறுத்துப் பேசப் பழக்கவில்லை. கங்காணி சொன்னாலும் சரி, வீட்டுக்காரர் சொன்னாலும் சரி, விசா மேசை சொன்னாலும் சரி, சரிங்க என்றே சொல்லி வந்த வாய். தூணை விட்டு நடந்து போய்ப் போர்வைக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் நின்றேன்.

"வேணாங்கம்மா. அது இருக்கட்டும்."

ஹெலன் அம்மா என்னையே பார்த்தார்.

"நான் விட்டுட்டுப் போனதும் நிசந்தான். எந்தங்கச்சி கை குடுத்ததும் நிசந்தான். மொதல்ல நடந்தத மட்டும் தொங்கவிட்டா, அது பாதிதான்."

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. கத்தரிக்கோலை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார். அட்டையைக் கழற்றித் தன் பைக்குள் வைத்தார். "நான் அதிகம் எழுதிவிட்டேன்," என்றார்.

செபமாலை போர்வையின் இடது ஓரத்தைப் பிடித்து எனக்கு விரித்துக் காட்டினாள். "நான் முழுசாப் போடல, பாத்தியா. எதிர்முனையில இருந்துதான் வந்தேன். ஒன் பக்கம் ஒரு சாண் விட்டிருக்கேன். ஒன் நெரைய ஒன்ன வச்சுக்கிட்டே நான் எப்புடி முடிக்கிறது?"

மடித்து மடித்து வைத்தேனே தவிர நான் பார்க்கவே இல்லை. ஓரத்திலிருந்து ஒரு சாண், வெறும் துணி. அதற்கு அப்பால் கறுப்பு முடிச்சு. எங்கள் மலையில் அதுதான் முறை. கை கொடுக்கிறவள் கடைசிச் செடிகளைத் தொட மாட்டாள். அது நிரைக்குச் சொந்தக்காரியின் கைக்கு.

ஊசியும் வெள்ளை நூலும் வேண்டும் என்று ஹெலன் அம்மாவிடம் கேட்டேன். கொண்டு வந்து தந்தார். போர்வை தொங்கிக்கொண்டிருந்ததால் ஊசியை வாங்கித் திருப்ப அந்தப் பக்கம் ஒரு கை வேண்டியிருந்தது. செபமாலை பின்னால் போய் நின்றாள். அவள் கால் மட்டும் கீழே தெரிந்தது. செருப்பில் நேற்றைய சேறு. ஓரத்தில் முடிச்சுப் போட்டு ஊசியைக் குத்தினேன். அந்தப் பக்கம் அவள் அதை இழுத்து, மறுபடி குத்தி அனுப்பினாள். நாலைந்து தையல் போயிருக்கும்.

"அக்கா."

"ம்."

"அம்மா ஒன்னையக் கேக்கல."

கை நின்றது. துணிக்கு அப்பாலிருந்து அவள் குரல் மெதுவாக வந்தது.

"மூணு நாளா நெனவில்லாமக் கெடந்துச்சு. ஒன்னையுங் கேக்கல, என்னையுங் கேக்கல. தூக்கத்துலயே போயிருச்சு. கடுதாசி சொல்லும்போது, ஒரு பதில் போடலையேன்னு எனக்கு ஆத்திரம். அந்த ஒரு வரிய நானாச் சேத்துட்டேன். வாத்தியாரும் எழுதிட்டாரு. பெறகு அத எப்புடி எடுக்குறதுன்னு தெரியல எனக்கு."

மண்டபத்தில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. காலையிலிருந்து கூடையைச் சுமந்துவிட்டு இறக்கி வைத்ததும் முதுகு சும்மா நிமிருமே, அந்த மாதிரி இருந்தது. ஊசியைத் துணிக்குள் குத்தினேன். அந்தப் பக்கம் அவள் வாங்கிக்கொண்டாள், இழுத்தாள், திருப்பி அனுப்பினாள். கறுப்பு முடிச்சுக்கு இன்னும் நான்கு விரல் இருந்தது.